அப்டேட்டுக்குப் பிறகு ரவுட்டர் விழுந்து விழுந்து எழுகிறதா? முதலில் நொடியை எண்ணுங்கள்

போன ஆடியில் வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து போன். “தம்பி, ஒன் மாமா ஏதோ அப்டேட்டுன்னு வந்துச்சாம், அமுக்கிட்டாங்க. அதுலேருந்து அந்தப் பொட்டி செத்துச் செத்துப் பொழைக்குது. இஞ்ச வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயேன்.”

லேப்டாப், லேன் ஒயர், ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஃபைல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். போனதும் ரீசெட் அடித்தேன். சரியாகவில்லை. ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். பாதியில் பெட்டி விழுந்தால் மொத்தமாகப் போய்விடுமே என்று கை வரவில்லை. இப்படியே இரண்டு மணி நேரம் போனது. அத்தை காபி கொண்டுவந்து வைத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவையும் வைஃபை லைட்டு மினுக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் பெட்டி விழுகிறது. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 40 நொடி, ஒன்றிரண்டு முன்னே பின்னே. டிவிக்குப் பக்கத்தில் கிடந்த செட்டாப் பாக்ஸ் அடாப்டரைக் கழற்றி ரவுட்டரில் செருகினேன். அதுவும் 12 வோல்ட்தான். அதற்குப் பிறகு பெட்டி விழவே இல்லை.

அப்டேட்டுக்கும் அடாப்டருக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ரவுட்டரை யாரும் தினமும் அணைத்துப் போடுவதில்லை, மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அடாப்டருக்குள் கரண்டைச் சீராக்கும் கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல உலர்ந்துபோயிருந்தாலும், ஓடுகிற பெட்டியை எப்படியோ தாங்கிக்கொண்டிருக்கும். அப்டேட் முடிந்ததும் பெட்டி தானாக அணைந்து எழுகிறது. எழும்போதுதான் பிராசசர், இரண்டு வைஃபை ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் கரண்ட் கேட்கும். கிழட்டு அடாப்டர் அங்கே மூச்சு வாங்கும், வோல்டேஜ் இறங்கும், பெட்டி விழும், மறுபடி எழும், மறுபடி விழும். பழி அப்டேட் மேல். கல்யாணத்தன்று மழை பெய்தால் பொண்ணு சின்ன வயசில் அரிசி தின்றாள் என்பார்களே, அந்தக் கணக்குதான்.

எல்லா வீட்டிலும் அடாப்டர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஃபர்ம்வேரே கெட்டுப்போயிருக்கலாம், பழைய செட்டிங் புதிய ஃபர்ம்வேரோடு முட்டிக்கொள்ளலாம், சூடாக இருக்கலாம், இடி தின்ற போர்ட்டாக இருக்கலாம். எது என்பதைப் பெரும்பாலும் அந்த இடைவெளியே சொல்லிவிடும். அதனால் கீழே இருப்பதை எத்தனை நொடியில், எந்த நேரத்தில், எதைச் செருகினால் விழுகிறது என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் இரண்டு பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

விழுகிறதா, விழுவதுபோல் தெரிகிறதா?

“ரவுட்டர் ரீபூட் ஆகுது” என்று சொல்லிக் கூப்பிடும் வீடுகளில் சிலவற்றில் ரவுட்டர் ரீபூட் ஆவதே இல்லை. போனில் வைஃபை போய்விட்டு வருகிறது, அவ்வளவுதான். ஆகவே போனைப் பார்க்காமல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து லைட்டைப் பாருங்கள். எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்து, பவர் லைட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தால் அது ரீபூட்.

பவர், வைஃபை லைட்டு அப்படியே இருந்து, இன்டர்நெட் லைட்டு மட்டும் போனாலோ, ஃபைபர் பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் லைட்டு சிவப்பாக மினுக்கினாலோ, லைன் கோளாறு. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது, கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் மட்டும் மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறதா? அப்டேட்டுக்குப் பிறகு ரவுட்டர் தானாகச் சேனல் (வைஃபை அலைவரிசை) மாற்றியிருக்கும். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ராடார்களோடு பங்கு போட்டுக்கொள்பவை. அந்தச் சேனலுக்குப் போகும் ரவுட்டர், ராடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேச வேண்டும் என்பது விதி. சேனலைக் கையால் 36-க்கோ 149-க்கோ மாற்றுங்கள், தீர்ந்தது.

இன்னொரு சாட்சியும் உண்டு. பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும். அது 3 நாள், 5 மணி என்று காட்டினால் பெட்டி விழவில்லை. நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் சிஸ்டம் லாக் பக்கத்தில் தேதி 1970 ஜனவரி 1 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பல ரவுட்டர்களுக்குள் கடிகார பேட்டரி கிடையாது. எழுந்ததும் கம்ப்யூட்டர் உலகின் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, நெட் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லாக் அழியாமல் நிற்கும் மாடலில் அந்த 1970 எத்தனை தடவை வந்திருக்கிறதோ அத்தனை தடவை விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணும் முறை

அப்டேட் போட்ட சூட்டிலேயே எண்ண ஆரம்பிக்காதீர்கள். சில மாடல்கள் தாமாகவே இரண்டு மூன்று தடவை அணைந்து எழும், அது வேலையின் ஒரு பகுதி. பத்து நிமிடம் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். இந்த நேரத்தில் பதறிப்போய் ஸ்விட்சை அணைப்பவர்கள்தான் நல்ல பெட்டியைக் கெடுக்கிறார்கள்.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் விழுந்தால், ரவுட்டரை அணையுங்கள். பவர் தவிர எல்லா ஒயரையும் பிடுங்குங்கள்: நெட் ஒயர், டிவி, கேமரா, பின்னால் செருகிய பென் டிரைவ், எல்லாமே. மினி யூபிஎஸ் இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகி, ஒரு நிமிடம் கழித்து ஸ்விட்சைப் போட்டு, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். எப்போது விழுகிறது, அப்போது எந்த லைட்டு எரிந்துகொண்டிருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று தடவை.

மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் எழும் வேலையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் தடுக்குகிறது. 20 நொடி, 6 நிமிடம், 2 நிமிடம் என்று கன்னாபின்னாவென்று வந்தால் கரண்டையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள். இப்படி ஒயர் எல்லாம் பிடுங்கியதும் விழுவதே நின்றுவிட்டால் ரொம்ப நல்லது, “ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறது” என்ற பகுதிக்குப் போங்கள்.

வைஃபை லைட்டு வரும் நேரத்தில் விழுகிறது

அத்தை வீட்டுக் கதை இதுதான். டெல்டாவில் நான் அதிகம் பார்ப்பதும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்ப், 12 வோல்ட் 1.5 ஆம்ப், 12 வோல்ட் 2 ஆம்ப், சின்ன ரவுட்டர் என்றால் 9 வோல்ட் 0.6 ஆம்ப், இப்படி ஏதாவது இருக்கும். அதே எண் ரவுட்டரின் அடியிலும் இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வீட்டில் வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப மாட்டும்போது செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் ரவுட்டர் அடாப்டரும் இடம் மாறிய வீடுகள் உண்டு.

மாற்று அடாப்டர் போட்டுப் பார்க்கும்போது வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்ப் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. அடுத்து, பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்ன வட்டப் படம் அடாப்டரில் இருக்கும், ரவுட்டரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளியே 5.5 மில்லிமீட்டர் என்று ஒரே மாதிரி தெரியும் பின்களில் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவு உண்டு. 2.5 துளையுள்ள பின் 2.1 சாக்கெட்டில் நன்றாகவே போகும், ஆனால் லொடலொடவென்று இருக்கும். பக்கத்தில் யாராவது நடந்தாலே அணைந்து எழும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பின்னில் அளந்துவிட்டு “12.1 காட்டுதுங்க, அடாப்டர் நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். சுமை இல்லாமல் அளந்தால் செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் 12.1 காட்டும். சும்மா நிற்கும் மாடு எல்லாமே நல்ல மாடுதான், ஏரில் பூட்டினால்தானே தெரியும். ரவுட்டரில் செருகியபடி அளப்பது வீட்டில் எளிதல்ல. ஆகவே நல்ல மீட்டர் என்பது வேலை செய்யும் இன்னொரு அடாப்டர்தான். பக்கத்து வீட்டில் கேட்டால் அரை மணி நேரத்துக்குத் தர மாட்டார்களா?

மாற்று அடாப்டர் கிடைக்கவில்லையென்றாலும் ஒரு வழி இருக்கிறது. பல ரவுட்டர்களில் பின்னாலோ பக்கத்திலோ வைஃபை பொத்தான் இருக்கும். எழுந்துகொண்டிருக்கும்போதே அதை அழுத்தி ரேடியோவை அணையுங்கள். வைஃபை இல்லாமல் மணிக்கணக்கில் விழாமல் ஓடி, வைஃபையைப் போட்டதும் விழுந்தால் பெரும்பாலும் அடாப்டர்தான்.

புதிது வாங்கும்போது கையில் எடுத்து எடை பாருங்கள். 2 ஆம்ப் என்று அச்சடித்து, தூக்கினால் முட்டை ஓடு மாதிரி இருக்கும் சரக்கு பஸ் ஸ்டாண்டு கடைகளில் நிறையத் தொங்குகிறது. பிஐஎஸ் முத்திரையும், ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை அடாப்டருக்கு அது கட்டாயம்.

அடுத்தது மினி யூபிஎஸ். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் நம் பக்கம் ஏராளம். அந்த நினைப்போ என்னவோ, இங்கே ரவுட்டர் இருக்கும் வீடுகளில் பாதிக்கு அதன் காலடியில் ஒரு மினி யூபிஎஸ்ஸும் கிடக்கிறது. உள்ளே மூன்று லித்தியம் செல்லைக் கோத்திருப்பார்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரத் தீர 9 பக்கம் இறங்கிவிடும். சில மலிவு மாடல்கள் இதைச் சீராக்காமல் அப்படியே வெளியே விடுகின்றன. செல் கிழடாகிவிட்டால் கரண்ட் இருக்கும்போதே ரவுட்டர் தடுமாறும். யூபிஎஸ்ஸை எடுத்துவிட்டு நேராகச் செருகினால் சரியாகிறது என்றால் ரவுட்டரில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கே பெரிய இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் யூபிஎஸ், இன்னொரு பக்கம் ஈகோ அல்லது நார்மல் என்று எழுதியிருக்கும். யூபிஎஸ் பக்கம் இருந்தால் கரண்ட் போகும்போது வேகமாக பேட்டரிக்கு மாறும், இன்னொரு பக்கத்தில் கொஞ்சம் தாமதமாகும். ஃபேனுக்கு அந்தத் தாமதம் தெரியாது, உலர்ந்த அடாப்டருக்குத் தெரியும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று கடலோரமாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் பின் கறுத்துப்போகும். ரவுட்டரின் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடும் பச்சை பூத்திருக்கும். அடாப்டரை அணைத்துவிட்டு, பின்னை நாலைந்து தடவை செருகி எடுத்தாலே சிலசமயம் அழுக்கு கழன்றுவிடும். எலக்ட்ரிக் கடையில் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், விட்டவரைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் எறும்போ பல்லியோ குடியிருப்பதும் நம் ஊரில் நடக்கிற விஷயம்தான். பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் மேற்கொண்டு கரண்ட் கொடுக்காமல் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

முழுசாக எழுகிறது, பக்கமும் திறக்கிறது, சில நிமிடத்தில் விழுகிறது

அடாப்டர் நல்லது என்று உறுதியாகிவிட்டது, மூன்று தடவையும் ஏறக்குறைய 3 நிமிடத்திலோ 5 நிமிடத்திலோ விழுகிறது என்றால், இப்போதுதான் அப்டேட் மேல் கை காட்டலாம்.

ஃபர்ம்வேர் மாறினாலும் நீங்கள் போட்டுவைத்த செட்டிங் எல்லாம் தனியாக ஓர் இடத்தில் பழையபடியே இருக்கும். புதிய ஃபர்ம்வேர் அதைப் படிக்கும்போது, பழைய பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மறுஅளவைக்குப் பிறகு மாறிய சர்வே எண்ணைத் தேடுகிற கதையாகிவிடும். இல்லாத இடத்தைத் தேடி உள்ளே ஓடும் ஏதோ ஒரு நிரல் சிக்கி நிற்கும். ரவுட்டருக்குள் வாட்ச்டாக் என்று ஒரு டைமர் உண்டு. “நான் உயிரோடு இருக்கிறேன்” என்று மென்பொருள் அதைக் குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டவில்லையென்றால் பெட்டியை அது அணைத்துப் போட்டுவிடும். கடிகாரம் வைத்ததுபோல் ஒரே இடைவெளியில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

மருந்து ஃபேக்டரி ரீசெட். ஆனால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பெட்டி கடையில் வாங்கிய ரவுட்டரா, நெட் கொடுத்தவர் கொண்டுவந்து மாட்டிய ஃபைபர் பெட்டியா? மஞ்சளோ வெள்ளையோ மெல்லிய ஃபைபர் ஒயர் நேராகப் பெட்டிக்குள் போகிறது என்றால் ஃபைபர் பெட்டி. அதில் ரீசெட் அடித்தால் நெட்டுக்குள் நுழையும் பிபிபிஓஇ பெயர், பாஸ்வேர்டு, லைனைப் பிரிக்கும் வீலேன் எண், லேண்ட்லைன் இருந்தால் அதற்கான செட்டிங் எல்லாம் போய்விடக்கூடும். அதற்குப் பிறகு விழாமல் நிற்கும், நெட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேபிள்காரர் போனை எடுப்பாரா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். பெட்டி எழுந்து நிற்கும் அந்த 3 நிமிட இடைவெளியில் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ரீசெட் துளையில் பின்னூசியை விட்டு, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். லைட்டு எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்ததும் விடுங்கள். எழுந்த பிறகு பழைய பேக்கப் ஃபைலை ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை வரும். கூடாது. எந்தப் பழைய செட்டிங்கால் விழுந்ததோ அதே செட்டிங்கைத்தான் அந்த ஃபைல் திரும்பக் கொண்டுவரும். கையால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதலில் அட்மின் பாஸ்வேர்டு, நெட் செட்டிங், வைஃபை பெயர், பாஸ்வேர்டு. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து பழையபடி இருந்தால் டிவி, கேமரா எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். விழவில்லையென்றால் விருந்தாளி வைஃபை, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, கியூஓஎஸ் (எதற்கு முதலில் வேகம் என்ற வரிசை), பென் டிரைவ் பகிர்வு என்று ஒன்று ஒன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதை அணைத்துவிட்டு, அடுத்த ஃபர்ம்வேர் வரும்வரை அது இல்லாமல் இருங்கள்.

நீங்கள் அப்டேட் பொத்தானைத் தொடாமலே இது வரலாம். 2023 மே மாதம் ஆசுஸ் ரவுட்டர்கள் உலகம் முழுக்க நெட் அறுந்து தடுமாறின. யாரும் ஃபர்ம்வேர் மாற்றவில்லை. அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து போன ஒரு செட்டிங் ஃபைலில் பிழை என்று நிறுவனமே பிறகு சொன்னது. பலருக்கு அணைத்துப் போட்டதிலேயே சரியானது, சிலர் ரீசெட் அடிக்க வேண்டியிருந்தது.

ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறது

இனி ஒயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்துச் செருகினால் எது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

கேமரா ஒயரைச் செருகியதும் விழுகிறதா? அந்த ஒயரை வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை இடியில் வாசலிலிருந்தோ களத்திலிருந்தோ வரும் நீளமான லேன் ஒயர் வழியாக அதிர்ச்சி வந்து ஒரு போர்ட்டைப் பாதி கொன்றிருக்கலாம். வேறு போர்ட்டில் சரியாக ஓடினால் பழைய போர்ட்டின் மேல் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். எந்தப் போர்ட்டிலும் விழுந்தால் கேமரா பெட்டியையோ ஒயரையோ பாருங்கள்.

பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் என்றால் அது இழுக்கும் கரண்ட் காரணமாக இருக்கலாம். மறுபடி அடாப்டர் பகுதிக்குப் போங்கள்.

நெட் ஒயரைச் செருகியதும் விழுந்தால் சங்கதி வெளியிலிருந்து வருகிறது. நெட் கொடுப்பவர் டிஆர்-069 என்ற முறையில் தன் அலுவலகத்திலிருந்தே உங்கள் பெட்டிக்கு செட்டிங்கும் ஃபர்ம்வேரும் அனுப்ப முடியும், ரீபூட் கட்டளையும் தர முடியும். அனுப்பிய ஃபர்ம்வேரைப் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லையென்றால் மறுபடி மறுபடி அனுப்பும் சுழலில் மாட்டலாம். சொந்த ரவுட்டராக இருந்தால் அந்த வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அவர்கள் கொடுத்த பெட்டியில் அதை நீங்கள் தொட முடியாது, தொடவும் வேண்டாம்.

பகலில் விழுகிறது, ராத்திரி நிற்கிறது

வீட்டு ரவுட்டர்களின் விவரத் தாளில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் பொதுவாகப் போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் பக்கம் வெளியிலேயே கிட்டத்தட்ட அந்தச் சூடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைத்த பெட்டிக்கு என்ன ஆகும்? போதாக்குறைக்கு டிவி ஸ்டாண்டில் பூவேலை செய்த துணி போட்டு மூடியிருப்பார்கள். புதிய ஃபர்ம்வேரில் பாதுகாப்புச் சோதனை, அது இது என்று பிராசசருக்கு வேலை கூடியிருந்தால் முன்பு தாங்கிய சூட்டை இப்போது தாங்காது. டேபிள் ஃபேனை ஒரு மத்தியானம் அதன் பக்கம் திருப்பி வையுங்கள். விழவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள், துணியை எடுங்கள்.

சூடு இல்லாத மாதத்திலும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விழுகிறது என்றால் கரண்டைப் பாருங்கள். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதுவரை குறுவை நாற்றங்காலுக்குப் போர்செட்தான் கதி. மூணு பேஸ் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும், வீட்டில் டியூப்லைட் மங்கும். இதில் ஒரு ஆறுதல், பெரும்பாலான ரவுட்டர் அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்பவை. ஆகவே லோ வோல்டேஜ் மட்டுமே நல்ல அடாப்டரைக் கவிழ்த்துவிடாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் வரும் வெட்டும், ஸ்டெபிலைசர் டக் டக்கென்று ரிலே மாற்றும் இடைவெளியும்தான் கவிழ்க்கும். ரவுட்டரை ஸ்டெபிலைசரில் மாட்டியிருந்தால் கழற்றி நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள்.

தினமும் ஒரே மணிக்கு

இது கோளாறே அல்ல. தானாக ரீபூட் ஆகும்படி நேரம் வைத்திருப்பார்கள், அல்லது அப்டேட் அந்த வசதியைப் போட்டுவிட்டிருக்கும். காலை சரியாக 8:30-க்கு விழுகிறது என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள். ரீசெட்டில் அது கிரீன்விச் நேரத்துக்குப் போயிருந்தால், விடியற்காலை 3 மணிக்கு என்று வைத்தது நமக்கு 8:30. பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்காரும் நேரம்.

பவர் லைட்டைத் தாண்டவே இல்லை

அடாப்டரும் மாற்றியாயிற்று, 5 அல்லது 10 நொடியில் விழுந்து எழுந்துகொண்டே இருக்கிறது, வைஃபை லைட்டு வருவதே இல்லை. ஃபர்ம்வேர் பாதியில் ஏறியிருக்கலாம், அல்லது வேறு பெட்டிக்கான ஃபர்ம்வேரை ஏற்றியிருக்கலாம். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் அடி ஸ்டிக்கரில் வி1, வி2, வி3 என்று இருக்கும். உள்ளே சிப்பே வேறாக இருக்கக்கூடும்.

ஒரு லேப்டாப்பை லேன் ஒயரால் ரவுட்டரோடு இணைத்து, லேப்டாப்புக்குக் கையால் ஐபி கொடுங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0. பிங்கை (“இருக்கிறாயா?” என்று ரவுட்டரைக் கேட்கும் கட்டளை) நிற்காமல் ஓடவிட்டு ரவுட்டரை எழுப்புங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பதில் வந்துவிட்டு நின்றால் நல்ல செய்தி, பூட்லோடர் என்ற அடிப்படை நிரல் உயிரோடு இருக்கிறது. பதில் வரியில் டிடிஎல் என்று இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். பல ரவுட்டர்களில் பூட்லோடர் பேசினால் 100, முழு ஃபர்ம்வேர் பேசினால் 64.

பூட்லோடர் உயிரோடு இருந்தால் மீட்கலாம். வழி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டி-லிங்க் பெட்டிகள் பலவற்றில் ரீசெட்டைப் பிடித்தபடி பவரைப் போட்டால் 192.168.0.1-ல் ஓர் அவசரப் பக்கம் திறக்கும், அதிலேயே ஃபைலை ஏற்றலாம். ஆசுஸில் அதேபோல் பிடித்தால் பவர் லைட்டு நிதானமாக மினுக்கும், அவர்களின் மீட்பு மென்பொருள் கண்டுபிடித்துக்கொள்ளும். டிபி-லிங்க் ஆர்ச்சர் மாடல்கள் பலவற்றில் லேப்டாப்புக்கு 192.168.0.66 என்று கொடுத்து, டிஎஃப்டிபி சர்வர் (ஃபைலை எடுத்துக் கொடுக்கும் சின்ன மென்பொருள்) ஓடவிட்டு, அந்த மாடல் எதிர்பார்க்கும் பெயரிலேயே ஃபைலை வைக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் எடுக்காது. லேப்டாப்பின் ஃபயர்வாலை அந்த நேரத்துக்கு அணைத்துவையுங்கள். இதில்தான் நானே ஒரு தடவை முழு மத்தியானத்தையும் தொலைத்தேன்.

ஏற்றும் முன் கம்பெனித் தளத்தில் போட்டிருக்கும் எம்டி5 (ஃபைலின் கைரேகை மாதிரி) எண்ணோடு உங்கள் ஃபைலின் எண்ணை ஒப்பிடுங்கள். ஊர்ப்புற நெட்டில் பாதியில் அறுந்த டவுன்லோடு சாதாரணம். பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தால், சில மாடல்கள் பாதுகாப்புக்காகப் பழையதை ஏற்றுக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்றி முடிக்கும்வரை ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டுவையுங்கள், மூணு பேஸ் வரும் நேரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

பிங்குக்கு ஒரு பதிலும் வரவில்லை, மூன்று அடாப்டர் மாற்றியும் அதே என்றால், பெட்டியைத் திறந்து சீரியல் ஒயர் ஒட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாலொழிய புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நெட் கொடுத்தவரின் பெட்டியாக இருந்தால்

மேலே சொன்னதில் எண்ணுவது, அடாப்டர் மாற்றிப் பார்ப்பது, ஒயர் பிடுங்குவது, ஃபேன் வைப்பது வரைதான் உங்கள் வேலை. ஃபர்ம்வேர் பக்கம் போகாதீர்கள். போன் செய்து “நெட்டு வரலை” என்று சொன்னால் அவர் வந்து ஃபைபரைத் துடைத்துவிட்டு, லைனில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவர் மேல் தப்பில்லை. “அண்ணே, ஃபைபரைக் கழட்டிட்டுப் பாத்தாலும் 40 செகண்டுல, வைஃபை லைட்டு வரும்போது விழுது. மூணு தடவை பாத்துட்டேன். வேற அடாப்டர் போட்டா நிக்குது” என்று சொல்லுங்கள். வரும்போதே கையில் அடாப்டரோடு வருவார்.